உள்ளம் அறிந்த மருத்துவர்

முன்னுரை

விருதுநகரை அடுத்துள்ள சூலக்கரையில் மாணவன் ஒருவன் காலையில் பள்ளிக்குப் புறப்படுகின்றான் எனக் கொள்வோம். அவன் தோளில் தொங்கும் பையில் தமிழ் நூல் ஒன்று இருக்கும். கணக்கு நூல் ஒன்று இருக்கும். அறிவியல், வரலாறு, புவியியல் எனப் பிற நூல்களும் இருக்கும். மணி அடித்தவுடன் ஒரு நூலை மூடி மற்றொன்றைத் திறப்பான். தமிழ் வேளையில் கற்றதை அறிவியல் வேளையில் அவன் நினைப்பதில்லை. அறிவியல் வேளையில் கற்றதை வரலாற்று வேளையில் நினைப்பதில்லை. ஒரு பாடத்திற்கும் மற்றொரு பாடத்திற்கும் உறவே இல்லை என்று அவன் எண்ணுதலும் கூடும்.

ஆயின், கல்வித் துறைகள் பலவும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதைத் தம் வாழ்வால் விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவர் வங்காளத்தில் வாழ்ந்தார். வேதியியல், உடல்நூல், மருத்துவம், செப்பிடு வித்தை, உளநூல், வடமொழிப் புராணம், தத்துவம், கதை இலக்கியம் ஆகிய பலவற்றையும் அவர் விரும்பிக் கற்றார். கற்றவை அனைத்தையும் ஒரே பணிக்குத் துணையாகக் கொண்டார். துன்புறும் உள்ளத்தின் நோய்க்கு மருந்து தேடுவதே அப்பணி. இந்தியாவில் உளப்பகுப்பு மருத்துவத்தைத் தொடங்கி வைத்த டாக்டர் கிரீந்திரசேகர போஸ் என்பவரே அப்பெரியார்.

அக்காலத்து மனநோயாளர் நிலை

உடலுக்கு நோய் வந்தால் உற்றார் சூழ்ந்து நிற்பர், மருத்துவரை நாடுவர், பத்தியம் காப்பர். உள்ளத்திற்கு நோய் வந்தாலோ நிலைமை வேறு. பேய் பிடித்தது என்று சிலர் அடிப்பர். தெய்வக் குற்றம் என்று சிலர் அஞ்சுவர். குடும்பத்திற்கு இழிவு வந்ததே என்று சிலர் நோயாளியை அறையில் அடைத்து வைப்பர். தெருவில் திரியும் நோயாளியைக் கண்டு சிறுவர் கல்லெறிவதும் உண்டு.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் மனநோயாளருக்கெனக் காப்பகங்கள் சில எழுந்தன. சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே அத்தகைய காப்பகம் ஒன்று தோன்றியது. பின்னர் 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் பெரியதொரு காப்பகம் திறக்கப்பெற்றது. ஆனால், அந்நாளைய காப்பகங்களின் முதல் நோக்கம் நோயாளரை ஊராரிடமிருந்து பிரித்துக் காவலில் வைப்பதாகவே இருந்தது. அவர்கள் என்ன நினைக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதற்காக அழுகின்றனர் என்று அருகிலிருந்து கேட்பார் அரியர். கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே தமிழ்நாட்டில் ஏளனச் சொல்லாகிவிட்டது. நோயுற்றோர் நலம் பெறுதற்கு அமைந்த இடத்தின் பெயர் பிறரைப் பழிக்கும் சொல்லாயிற்று என்றால், அந்நோயை மக்கள் எவ்வாறு கருதினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இத்தகைய சூழலில்தான் போஸ் தம் பணியைத் தொடங்கினார்.

பிறப்பும் இளமையும்

கிரீந்திரசேகர போஸ் 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் சந்திரசேகர போஸ், பீகாரில் உள்ள தர்பங்கா சமஸ்தானத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். வேதாந்த நூல்களில் மிக்க ஈடுபாடு உடையவர். அவர்தம் மக்கள் ஒன்பதின்மருள் இளையவர் கிரீந்திரசேகரர். மூத்தோருள் ஒருவரான இராசசேகர போஸ் வேதியியல் கற்றவர். பரசுராமர் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க மக்களின் நெஞ்சில் நிலைத்த இடம் பெற்றவர். சலந்திகா என்னும் வங்கமொழி அகராதியைத் தொகுத்தவர். அறிவியலும் இலக்கியமும் ஒரே வீட்டில் உடன்பிறந்தார்போல் வளர்ந்தமையால், இவ்விரண்டையும் வேறுவேறாகக் கருதும் வழக்கம் கிரீந்திரசேகரருக்கு இளமையிலேயே ஏற்படவில்லை.

மாணவராக இருந்தபோதே அவர் செப்பிடு வித்தையில் பெருவிருப்பம் கொண்டார். மனோவசியம் எனப்படும் அறிதுயில் முறையையும் தாமே பயின்றார். யோக நூல்களையும் ஆர்வத்துடன் கற்றார். செப்பிடு வித்தை விளையாட்டாகத் தோன்றினும், அதில் ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்து கிடக்கின்றது. வித்தை காட்டுவோன் ஒரு கையை உயர்த்தினால் பார்ப்போர் கண்கள் எல்லாம் அக்கையின் மேலேயே செல்லும். மற்றொரு கை செய்யும் தொழிலை எவரும் காண்பதில்லை. கண் திறந்திருந்தும் மனம் காணாது விடுவன பல உண்டு என்பதை இளம் போஸ் இவ்வாறு விளையாட்டிலேயே கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் உள்ளத்தின் மறைவிடங்களை ஆராய்ந்தபோது இவ்வுண்மை அவருக்குப் பெரிதும் உதவியது.

கல்வியும் மருத்துவத் தொழிலும்

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியலும் உடல்நூலும் கற்ற பின்னர், போஸ் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1910ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். விரைவில் அந்நகரில் பெயர் பெற்ற மருத்துவரானார். அவரை நாடி வந்தோருள் ஒரு சாரார் வியக்கத்தக்க நோயுடையோராய் இருந்தனர். கை அசையாது, கையின் நரம்பிலோ எலும்பிலோ குற்றம் இராது. நெஞ்சு படபடக்கும், இதயத்தில் நோய் இராது. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரியும்; ஆயினும் அழுக்குப் போகவில்லை என்னும் எண்ணம் நீங்காது. இத்தகையோரை மற்ற மருத்துவர் பலர் பொய்நோயாளர் என்று கூறி அனுப்பிவிடுவது அந்நாள் வழக்கம்.

போஸ் அவ்வாறு செய்யவில்லை. நோயை அறிந்து, அதன் வேரைத் தேடி, அதன் பின்னரே மருந்து காண வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவம் என்றும் போற்றி வந்த நெறி. வேர் உடலில் இல்லையாயின், அஃது உள்ளத்தில் இருத்தல் வேண்டும் அன்றோ? முதலில் அவர் அறிதுயில் முறையைக் கையாண்டார். அதனால் சிலர் நலம் பெற்றனர். ஆயினும் அம்முறை எல்லார்க்கும் பயன்படுவதன்று என்பதையும் கண்டார். வேறு வழி உண்டா என்று தேடியபோது, ஐரோப்பாவில் வியன்னா நகரத்து மருத்துவர் ஒருவர் புதிய நெறி ஒன்றைக் கண்டிருக்கின்றார் என்னும் செய்தி இதழ்களின் வாயிலாக அவருக்கு எட்டியது. அம்மருத்துவர் சிக்மண்டு பிராய்டு.

பிராய்டு கண்ட நெறி

1856ஆம் ஆண்டில் பிறந்த பிராய்டும் பல துறைகளில் பயின்றவரே. அவர் உயிரியல் கற்று, நரம்புகளை நுணுக்கி ஆராய்ந்து, மருத்துவரானார். கிரேக்க நாடகங்களையும் ஐரோப்பிய இலக்கியங்களையும் விரும்பிப் படித்தார். மண்ணுக்குள் புதைந்த பழம்பொருள்களைச் சேர்ப்பதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. உள்ளமும் அடுக்கடுக்காகப் புதைந்த பழநகரம் போன்றது என்று அவர் கருதினார்.

நாம் அறிந்து நினைப்பவை மட்டுமே நம் உள்ளம் அல்ல. நாம் அறியாத பகுதி ஒன்றும் அதில் உண்டு என்பது பிராய்டின் கொள்கை. அதனை நனவிலி உள்ளம் என்பர். ஏற்கவொண்ணாத ஆசையும், தாங்கவொண்ணாத துயரும், வெளியே சொல்லவொண்ணாத அச்சமும் அங்கே ஒடுக்கப்படுகின்றன. ஒடுக்கப்பட்டவை அழிந்துவிடுவதில்லை. கனவாகவும், வாய்தவறி வரும் சொல்லாகவும், சில வேளைகளில் நோயாகவும் அவை வெளிப்படுகின்றன.

இதனைச் சிவகாசி வட்டாரத்துச் சிறுவர் எளிதில் உணர்வர். பட்டாசுக்குள் இடும் பொடிக்கு அங்கு மருந்து என்பது பெயர். அம்மருந்தைத் திறந்த வெளியில் பரப்பித் தீயிட்டால் சீறி எரிந்து தணியும். அதனையே தாளில் இறுகச் சுற்றித் திரிவழியே தீயிட்டால், உள்ளே எழும் வளி வெளியேற வழியின்றிப் பெருகிப் பேரோசையுடன் வெடிக்கும். மருந்து ஒன்றே, அதனை இறுக அடைத்தமையே வேறுபாடு. அடைக்கப்பட்ட துயரும் அத்தகையதே. தக்க ஒருவரிடம் தயக்கமின்றிச் சொல்லப்படும் துயர் மெல்லத் தணிகின்றது. எவரிடமும் சொல்லவியலாது உள்ளே அடைபட்ட துயர் உடலையும் உள்ளத்தையும் தாக்குகின்றது.

ஆதலின், நோயாளி தன் மனத்தில் தோன்றுவதை எல்லாம் மறையாமலும் ஒழுங்குபடுத்தாமலும் சொல்ல வேண்டும். மருத்துவர் பொறுமையுடன் கேட்டு, அச்சொற்களுக்கிடையே ஒளிந்துள்ள பொருளை நோயாளியே காணுமாறு துணைநிற்க வேண்டும். இதுவே உளப்பகுப்பு மருத்துவம். இதில் கத்தியும் இல்லை. கசப்பு மருந்தும் இல்லை. சொல்லே மருந்து, செவியே கருவி.

பட்டம் பெற்ற மருத்துவர் மீண்டும் மாணவரானார்

இந்நெறியைத் தமக்கு உணர்த்தவல்ல ஆசிரியர் எவரும் போஸுக்கு இந்தியாவில் இலர். பிராய்டின் நூல்கள் செருமானிய மொழியில் இருந்தன. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அக்காலத்தில் மிகச் சிலவே. கிடைத்தவற்றைப் படித்தும், தாமே நோயாளருடன் பேசிக் கண்டவற்றைக் குறித்தும், அவர் தம் வழியைத் தாமே வகுத்துக்கொண்டார்.

1916ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளநூலுக்கெனத் தனித்துறை ஒன்று தொடங்கப்பெற்றது. இந்தியாவில் அத்தகைய துறைகளுள் அதுவே முதலாவது. கைநிறையப் பொருளும் ஊர்நிறையப் புகழும் தரும் தொழிலில் இருந்த போஸ், அங்கே இளைஞர்களுடன் மாணவராகச் சென்று அமர்ந்தார். 1917ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியரானார். தமக்குத் தெரியாத ஒன்றைக் கற்பதற்கு வயதும் பதவியும் தடையாகா என்பதற்கு இச்செயல் சான்றாகும்.

ஒடுக்கம் என்னும் பொருள் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலுக்காக 1921ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நூலின் படி ஒன்றைப் பிராய்டுக்கு அனுப்பிவைத்தார். தம் கருத்து அத்துணைத் தொலைவில் உள்ள நாடொன்றில் வேரூன்றியிருத்தலைக் கண்டு பிராய்டு வியந்து மகிழ்ந்து மறுமொழி எழுதினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937ஆம் ஆண்டு வரை நீடித்தது. ஆயினும் இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை.

காணாத முகமும் கடல்கடந்த பரிசும்

கல்கத்தாவில் பார்சிபாகான் சந்தில் இருந்த போஸ் சகோதரர்களின் இல்லத்தில் எழுத்தாளரும் ஓவியரும் அறிவியலாரும் கூடி உரையாடுவர். அவர்களுள் யதீந்திர குமார சென் என்பவர் ஓவியத்தில் வல்லவர். அவர் பிராய்டின் உருவப்படத்தைக் கண்டதில்லை. ஆயினும், பிராய்டின் கருத்துகளைக் கேட்டறிந்து, இத்தகைய முகம் உடையவராய் அவர் இருத்தல் கூடும் என்று கற்பனை செய்து ஓவியம் ஒன்று தீட்டினார். போஸ் அதனை வியன்னாவிற்கு அனுப்பினார். அவ்வோவியத்தில் தாம் ஓர் ஆங்கிலேயரைப் போலத் தோன்றுவதைக் கண்டு பிராய்டு நகைத்தாராம்.

1931ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தது. அதனையொட்டி இந்திய அன்பர்கள் தந்தத்தால் ஆகிய திருமால் உருவம் ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினர். பழம்பொருள்களைப் போற்றிய பிராய்டு அவ்வுருவைத் தம் மேசையின்மேல் வைத்துக்கொண்டார். 1938ஆம் ஆண்டில் நாசியர் கொடுமைக்கு அஞ்சி வியன்னாவை நீங்கி அவர் இலண்டன் சென்றார். மறு ஆண்டில் அங்கே மறைந்தார். அவர் இறுதியாக வாழ்ந்த இலண்டன் இல்லம் இன்று காட்சிசாலையாக விளங்குகின்றது.

மாணவராயினும் அடிமை அல்லர்

1922ஆம் ஆண்டில் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். மருத்துவர் மட்டுமன்றிக் கல்லூரி ஆசிரியர்களும் அதில் உறுப்பினராயினர். அது விரைவில் உலக உளப்பகுப்புச் சங்கத்தின் ஓர் அங்கமாயிற்று. தம் இறுதிநாள் வரை போஸே அதன் தலைவராக இருந்தார்.

பிராய்டிடம் அவர் பெருமதிப்புக் கொண்டிருந்தார். ஆயினும், தாம் கண்ட உண்மை பிராய்டின் கொள்கையினின்றும் வேறுபட்டபோது, அதனை மறைத்துத் தலையசைக்க அவர் உடன்படவில்லை. ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு நேர்மாறான ஆசை ஒன்று உடன்பிறக்கின்றது. ஒன்று மேலே எழும்போது மற்றொன்று உள்ளே தங்குகின்றது என்பது போஸ் கண்ட கொள்கை. அடிக்க விரும்பும் மனத்தில் அடிபட விரும்பும் மனமும், ஆள விரும்பும் மனத்தில் ஆளப்பட விரும்பும் மனமும் மறைந்து நிற்கும் என்றார். பள்ளி விளையாட்டிடத்தில் ஏறியிறங்கும் பலகை உண்டு. ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும், பலகை ஒன்றே. நோயாளி தன் எண்ணத்தின் இரு முனைகளிலும் மாறி மாறி அமர்ந்து பார்க்குமாறு செய்வதே போஸ் கையாண்ட முறை.

குழந்தைகளின் விளையாட்டில் இதனை நாள்தோறும் காணலாம். ஊசி போட்டுக்கொண்டு அழுத குழந்தை வீட்டிற்கு வந்ததும் தன் பொம்மைக்கு ஊசி போடுகின்றது. ஆசிரியரிடம் கடுஞ்சொல் கேட்ட சிறுமி, திண்ணையில் தம்பி தங்கையரை அமர்த்தித் தானே ஆசிரியராகிக் கடிந்துகொள்கின்றாள். துன்பத்தை ஏற்ற நிலையினின்றும் துன்பத்தைத் தரும் நிலைக்கு மாறிப் பார்த்து, மனம் தன் சமநிலையை மீட்டுக்கொள்கின்றது.

1929ஆம் ஆண்டில் போஸ் தம் கட்டுரைகள் பலவற்றைப் பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டு அவற்றைக் கற்றார். ஆயினும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் மதிப்புக் குறையவில்லை. கற்றோர் வேறுபடுதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நோயாளருக்கு இடம்

நூல் எழுதுவதோடும் கழகம் நிறுவுவதோடும் போஸ் அமையவில்லை. மனநோயாளர் மற்ற நோயாளரைப் போலவே மருத்துவமனைக்குள் தலைநிமிர்ந்து நுழைதல் வேண்டும் என்று விரும்பினார். இந்நாளில் ஆர். ஜி. கார் மருத்துவக் கல்லூரி என வழங்கும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், 1933ஆம் ஆண்டில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் மக்கள் வரும் பொது மருத்துவமனையில் மனநோய்க்கும் ஒரு வாயில் திறந்தது இந்தியாவில் அதுவே முதன்முறையாகும். உயர்ந்த மதிலுக்குள் அடைபட வேண்டியவர் என்று கருதப்பட்டோர், காலையில் வந்து மருத்துவரிடம் பேசி மாலையில் தம் வீட்டிற்கே திரும்பலாயினர்.

போஸின் அறையில் நோயாளர் அமர்தற்குச் சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. உடல் தளர்ந்து ஓய்வாக இருந்தாலன்றி உள்ளம் தன் கதவைத் திறப்பதில்லை. நோயாளி அதில் சாய்ந்து மனத்தில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே போவார். போஸ் கேட்டுக்கொண்டே இருப்பார்.

வீட்டில் வைத்துக் காக்கவியலாத நோயாளரும் உளர். அவர்களுக்காக 1940ஆம் ஆண்டில் மனநல மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதற்குரிய இடத்தை உவந்து அளித்தவர் தமையனார் இராசசேகரரே. புத்தர் பெருமான் பிறந்த தலத்தின் பெயரால் அது லும்பினிப் பூங்கா எனப் பெயர் பெற்றது. துன்பம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு, அக்காரணத்தை அறிந்தால் துன்பம் நீங்கும் என்று உலகிற்கு உணர்த்தியவர் புத்தர். மனநோய் மருத்துவமனைக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

பல துறைகளும் ஒரு பணியும்

போஸின் எழுத்துகளை நோக்கினால் அவர் உள்ளத்தின் விரிவு புலப்படும். கனவுகளின் பொருளை ஆராய்ந்து 1928ஆம் ஆண்டில் வங்கமொழியில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் அறியாதாரும் இக்கல்வியைப் பெறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. புராணங்களில் கூறப்படும் அரச மரபுகளின் காலத்தைக் கணக்கிட்டு 1934ஆம் ஆண்டில் புராணப் பிரவேசம் என்னும் நூலை வெளியிட்டார். பகவத் கீதைக்கு உளநூல் நோக்கில் உரை கண்டார். யோக சூத்திரங்களையும் ஆராய்ந்தார். செந்நிற எறும்புகளும் கருநிற எறும்புகளும் இடம்பெறும் லால் காலோ என்னும் கதையைக் குழந்தைகளுக்காக எழுதினார். 1947ஆம் ஆண்டில் அவர்தம் கழகத்தின் சார்பில் சமீட்சா என்னும் ஆராய்ச்சி இதழ் தோன்றியது. 1949ஆம் ஆண்டில் இளங்குழந்தைகளின் மனவியல்பு அறிந்து கற்பிக்கும் போதாயனா என்னும் பள்ளியும் தொடங்கப்பெற்றது.

இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றலாம். ஆயின், நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்பவர்க்கு இவை அனைத்தும் வேண்டும். நோயாளி கனவைச் சொல்லும்போது கதையறிவு வேண்டும். ஒரு சொல்லுக்கு மாறாக மற்றொரு சொல் வாய்தவறி வரும்போது மொழியறிவு வேண்டும். பழைய நிகழ்ச்சிகளை முன்பின்னாகக் கூறும்போது அவற்றை வரிசைப்படுத்தும் வரலாற்றறிவு வேண்டும். உடல்நோயா உள்ளநோயா எனப் பிரித்தறியும்போது உடல்நூலறிவு வேண்டும். தெய்வத்தையும் வினையையும் பற்றிப் பேசி அழும்போது அவர் வளர்ந்த சமயத்தின் மரபறிவு வேண்டும். ஒரு துறையை மட்டும் கற்றவர் உள்ளத்தின் ஒரு மூலையை மட்டுமே காண்பர். முழு மனிதரை அறிய முழுக் கல்வி வேண்டும் என்பதே போஸின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை.

மறைவும் பின்விளைவும்

கிரீந்திரசேகர போஸ் 1953ஆம் ஆண்டு சூன் திங்கள் 3ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் காலத்திற்குப் பின் மனநோய் மருத்துவம் பெரிதும் வளர்ந்துள்ளது. நோயைத் தணிக்கும் மருந்துகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. பிராய்டின் கொள்கைகளுள் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. உரையாடி நோய் தீர்க்கும் முறைகளும் இன்று பலவகையாகக் கிளைத்துள்ளன. ஆயினும், நோயாளி சொல்வதை மதித்துக் கேட்டல் வேண்டும் என்னும் அடிப்படை அவை அனைத்திற்கும் பொதுவாக நிலைபெற்றுள்ளது.

எனினும், பழைய அச்சமும் அறியாமையும் நாட்டை விட்டு முற்றும் அகலவில்லை. விருதுநகர் மாவட்டத்தை அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி என்னும் ஊர் உண்டு. அங்கே 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். எழுந்தோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். போஸ் பொது மருத்துவமனையில் வாயில் திறந்து 68 ஆண்டுகள் கழிந்த பின்னரும் இக்கொடுமை நிகழ்ந்தது. நாடே கலங்கியது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தல் கூடாது என்று 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் தடை விதித்துள்ளது. ஆயினும், இரும்புச் சங்கிலியைச் சட்டம் அகற்றலாம். ஏளனம் என்னும் சங்கிலியை மக்களே அகற்றுதல் வேண்டும்.

முடிவுரை

சூலக்கரை மாணவனின் புத்தகப் பையை மீண்டும் நினைவிற் கொள்வோம். அதில் உள்ள நூல்கள் பலவாயினும், அவை யாவும் மனிதரைப் பற்றியும் மனிதர் வாழும் உலகைப் பற்றியுமே பேசுகின்றன. அவற்றை இணைத்துக் கற்பவன் நாளை மருத்துவனாகலாம், ஆசிரியனாகலாம், பட்டாசுத் தொழிலிலோ வேளாண்மையிலோ ஈடுபடலாம். எத்தொழில் செய்யினும், அவன் வகுப்பிலும் தெருவிலும் வீட்டிலும் உள்ளம் நொந்தவர் ஒருவரை என்றேனும் சந்திப்பான். அப்போது நகையாமல், அஞ்சாமல், அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பானாயின், தக்க மருத்துவரிடம் செல்லத் துணைநிற்பானாயின், அவன் கற்ற கல்வி பயன்பெற்றதாகும்.

பல துறைகளையும் கற்று, கற்றவற்றை எல்லாம் பிறர் துயர் கேட்பதற்கே பயன்படுத்திய கிரீந்திரசேகர போஸின் வாழ்வு நமக்கு வழிகாட்டியாக அமைவதாகுக.